இன்னொருவர் விரலுக்கு நான் வழங்கிய மன்னிப்பு

இந்த வாரம் நம் நல்லிணக்கக் குழுவில் புதிதாகச் சேரும் ஐந்து பேருக்கும் வணக்கமும் ஸலாமும். கூட்டத்தை எப்படிக் கூட்டுவது, மனுவை எந்த மேசையில் கொடுப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தரப்போகும் கையேட்டில் இருக்கிறது. அதில் பாதியை எழுதியவன் நான். கையேட்டில் இல்லாத ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று குழுவில் கேட்டார்கள். பொதுவாக இப்படி எழுதுகிறவர்களுக்குத் தலை நரைத்திருக்கும். எனக்கு இருபத்தொன்பது வயது. அடுத்த மாதம் சட்டம் படிக்கத் திருச்சிக்குப் போகிறேன். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் ஆறு வருடம் பஸ்ஸிலும் பைக்கிலும் அலைந்திருக்கிறேன். தவறுகள் நிறைய. ஆனால் ஒன்றை மட்டும் இன்றைக்கும் தள்ளி வைக்க முடியவில்லை. அதை மட்டும் சொல்கிறேன்.

நான் அரபிக் கல்லூரியில் ஏழு வருடம் ஓதியவன். தபால் வழியில் பட்டமும் வாங்கினேன். மார்க்கம் படித்தவன் என்பதால் ஊர்ப்பக்கம் என்னை ஹஜ்ரத் என்பார்கள். என்னோடு ஒரே நாளில் குழுவில் சேர்ந்த கலைச்செல்வி, ஜெயங்கொண்டம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், என்னை ‘மைக் பாய்’ என்பாள். மைக்கைக் கண்டால் விடமாட்டேன் என்று அர்த்தம். இஸ்லாம் அமைதியைப் பற்றி என்ன சொல்கிறது என்று எந்தச் சபையிலும் பத்து நிமிடத்தில் சொல்லி, கைதட்டல் வாங்கத் தெரியும் எனக்கு. அந்தப் பெருமையில்தான் வழுக்கினேன்.

என் மூன்றாவது வருடம். வேப்பந்தட்டைப் பக்கம் ஓர் ஊர். பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் இன்னும் ஒரே கடைத்தெருவில்தான் நடக்கிறார்கள். அங்கே ஹமீதா பேகம் என்பவர் பெண்களுக்கான தையல் கடை வைத்திருந்தார். கணவர் இறந்துவிட்டார், கல்லூரியில் படிக்கும் ஒரு மகள். ஊருக்கு அவர் டெய்லரம்மா. அவரிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர்களில் பெரும்பாலானவர்கள் விவசாய வீட்டு இந்துப் பெண்கள்.

அந்த ஊர் மாரியம்மன் கோயிலில் அம்மனுக்குச் சாத்திய புடவைகளைத் திருவிழா முடிந்ததும் ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர்கள் அதில் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்குப் பாவாடை தைத்துப் போடுவார்கள். அந்தத் துணியும் டெய்லரம்மாவிடம்தான் வரும். வெட்டி மிஞ்சும் துண்டுகளைக்கூட அவர் குப்பையில் போடமாட்டார். தனிப் பையில் கட்டிப் பாவாடையோடு திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்த வருடம் வெட்டும்போது தரையில் விழுந்த ஒரு சிவப்புத் துண்டை யாரோ போனில் படம் எடுத்துவிட்டார்கள். படத்தோடு ஓர் ஆடியோவும் கிளம்பியது, அம்மன் புடவையைக் கால்மிதியாக வெட்டுகிறார்கள் என்று.

ஒரு புதன்கிழமை மதியம் செந்தில் என்ற இளைஞன் கட்டையோடு கடைக்குள் நுழைந்தான். கூட வந்த நாலைந்து பேர் வாசலோடு நின்றுகொண்டார்கள். தொங்கிய ஜாக்கெட்டுகளை இழுத்துக் கிழித்தான். மெஷினை அடிக்கக் கட்டையை ஓங்கினான். அது இறங்கிய இடத்தில் டெய்லரம்மாவின் வலது கை இருந்தது. ஆள்காட்டி விரல் உடைந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் கட்டையைப் போட்டுவிட்டு அவனே தரையில் உட்கார்ந்துவிட்டானாம். போலீஸ் அழைத்துப் போய் விசாரித்து, கூப்பிட்டால் வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பியது.

நான் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம், அஸர் தொழுகை நேரம். பள்ளிவாசலில் நாற்பது இளைஞர்கள், யாரும் வீட்டுக்குப் போகிற மாதிரி இல்லை. முத்தவல்லி, அதாவது பள்ளிவாசல் நிர்வாகி, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் ஆதம் நபியின் இரண்டு மகன்களின் கதையைச் சொன்னேன். ஒருவன் கொல்ல வருகிறான். இன்னொருவன், நீ என்னைக் கொல்லக் கை நீட்டினாலும் உன்னைக் கொல்ல நான் கை நீட்டமாட்டேன், நான் இறைவனுக்கு அஞ்சுகிறேன் என்கிறான்.

“அவன் அடிப்பான், நாங்க கதை கேக்கணுமா ஹஜ்ரத்?” என்றான் ஒருவன்.

“நீ திருப்பி அடிச்சா, அடுத்த கதை உன்னப் பத்தி இருக்கும். அத உங்க அம்மா கேக்கணுமா?”

பிறகு ஒருவன் செருப்பைத் தேடினான். அப்படியே ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அன்றைக்கு நான் செய்தது சரி, இதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் சரியாகச் செய்துவிட்ட மறுநாள் ரொம்ப ஆபத்தானது. அதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் வியாழன் காலை, தாலுகா ஆபீஸில் அமைதிக் கூட்டம். செந்திலின் அப்பா ராமசாமி, சின்ன வெங்காயம் போடும் விவசாயி, துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார். மகன் போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்கிறான், கேஸ் நடந்தால் அந்த வேலை போச்சு என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்தேன். தீமைக்குப் பதிலாக அதே அளவு தீமையை நாடலாம், ஆனால் மன்னித்துச் சமாதானம் செய்கிறவரின் கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது என்ற கருத்துடைய குர்ஆன் வசனத்தை, அந்த ஆயத்தை, அரபியில் ஓதினேன், தமிழில் விளக்கினேன். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம்.

“அதனால எங்க தரப்புல நாங்க மன்னிச்சுட்டோம். கேஸ் வேணாங்க” என்றேன்.

எல்லாரும் தட்டினார்கள். ராமசாமி முன்னால் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யாரோ வீடியோ எடுத்தார்கள். மதியத்துக்குள் அது இரண்டு மாவட்டமும் சுற்றிவிட்டது. வெறுப்பு ஆடியோ சுற்றிய அதே போன்களில் என் முகம். நானே அதைப் பலமுறை பார்த்தேன்.

திரும்பும்போது வண்டியை ஓட்டிக்கொண்டே கலைச்செல்வி கேட்டாள். “அந்தம்மா எப்ப சொன்னாங்க?”

“எத?”

“மன்னிச்சேன்னு.”

“அவங்க நம்ம ஜமாஅத்துதானே.”

“அது சரி. எப்ப சொன்னாங்க?”

நான் பேச்சை மாற்றினேன். அதற்குள் இன்ஸ்பெக்டரிடமிருந்து போன். “நல்லாப் பேசுனீங்க பாய். சமாதானம்னா காயம்பட்டவங்க வந்து கையெழுத்துப் போடணும். அந்தம்மாவ நாளைக்கோ நாளன்னைக்கோ அழைச்சுட்டு வந்துடுங்க.”

காயம்பட்டவங்க. அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. நேற்று மதியத்திலிருந்து முத்தவல்லியிடம் பேசினேன், நாற்பது இளைஞர்களிடம் பேசினேன், தாசில்தாரிடம் பேசினேன். டெய்லரம்மாவை நான் பார்க்கவே இல்லை.

வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

அவர் வீட்டில் கட்டிலில் சாய்ந்திருந்தார். கட்டுப்போட்ட கை ஒரு தலையணை மேல் இருந்தது. மகள் நாற்காலி எடுத்துப் போட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டாள்.

“வா தம்பி. ஒன்ன போன்ல பாத்தேன். நல்லாப் பேசுன” என்றார் டெய்லரம்மா.

நான் கையெழுத்து விஷயத்தை எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“மன்னிக்கிறவங்க கூலி அல்லாகிட்டன்னு ஓதுனியே. அதுக்கு அடுத்த ஆயத்து என்ன?”

எனக்குத் தெரியும். மனப்பாடம். அநீதி செய்யப்பட்ட பிறகு தன் நியாயத்தைத் தேடிக்கொள்கிறவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்பது அதன் கருத்து.

“தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்மா.”

“தெரிஞ்சும் ஏன் நிறுத்துன?”

“கூட்டத்துல...”

“கூட்டத்துல கை தட்டுனாங்க. அதான.” அவர் கட்டுப்போட்ட கையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். “மன்னிக்க மாட்டேன்னு நான் சொல்லல. மன்னிப்பேன்னும் சொல்லல. எனக்கே இன்னும் தெரியல தம்பி. வெரலு வலிக்கிது. வலி கொஞ்சம் அடங்கட்டும், அப்பறமா யோசிப்போம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ எடுத்துக் குடுத்துட்ட.”

வெளியே முத்தவல்லி காத்திருந்தார். ஊர் நன்மைக்காகத்தானே, சொல்லிப் புரிய வையுங்கள் என்றார். விரல் உடைந்ததால் டெய்லரம்மா கையெழுத்துப் போட முடியாது என்பார் என்று நினைத்தாரோ என்னவோ, மெதுவாக என் காதில், “பெருவெரலு நல்லாத்தானே இருக்கு. கைநாட்டு போதுமாம்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. பயந்திருந்தார். பயந்த மனிதர்கள்தான் இந்த வேலையில் உங்களை அதிகம் குழப்புவார்கள்.

நபிகள் காலத்தில் மக்காவாசிகளோடு செய்த ஹுதைபிய்யா உடன்படிக்கையை நான் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறேன். ‘இறைத்தூதர்’ என்ற சொல்லை எதிர்த்தரப்பு ஏற்காதபோது, சமாதானத்துக்காக அதை நீக்கிவிடச் சொன்னார்கள் நபிகள் நாயகம். அன்றைக்கு அந்தத் தெருவில் நிற்கும்போதுதான் இன்னொன்று புரிந்தது. நபியவர்கள் விட்டுக்கொடுத்தது தம்முடைய பட்டத்தை. நான் விட்டுக்கொடுத்தது இன்னொருவருடைய விரலை.

“ரெண்டு வழிதான் இருக்கு” என்றாள் கலைச்செல்வி. “எப்படியாவது அவங்கள கையெழுத்துப் போட வெக்கலாம். இல்ல, நீ சொன்னது பொய்னு ஒத்துக்கலாம்.”

“பொய் இல்ல.”

“சரி, பொய் இல்ல. இல்லாதத இருக்குன்ன.”

அன்று இரவு இரண்டையும் யோசித்துப் பார்த்தேன். நான் சொன்னதைத் திரும்பப் பெற்றால், பாய்மார்கள் வாக்கு மாறிவிட்டார்கள் என்ற செய்தி ஒரு மணி நேரத்தில் ஊரைச் சுற்றும். வாசலோடு நின்ற நாலைந்து பேர் இந்த முறை உள்ளே வருவார்கள். அந்தப் பக்கம் நாற்பது இளைஞர்கள், ஹஜ்ரத்தே மன்னிக்கவில்லையாம் என்று எழுந்தால் நான் எந்தக் கதையைச் சொல்லி உட்கார வைப்பேன்? திரும்பப் பெறாவிட்டால் எல்லாம் அமைதியாக முடியும். ஒரு பெண்ணின் வாயை மட்டும் பொத்தினால் போதும். அதற்கு என் பத்து நிமிடப் பேச்சே போதும் என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது.

“சேதி போன்ல போறதுக்கு முன்னாடி நாம போயிடணும்” என்றாள் கலைச்செல்வி. அந்த ஒரு வாக்கியத்தைக் கையேட்டில் சேர்க்க எவ்வளவோ சொன்னேன், சேர்க்கவில்லை. இங்கே படித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் ராமசாமி வீட்டுக்குப் போனோம். வெங்காயத்தைக் காற்றோட்டமாகச் சேமித்து வைக்கும் பட்டறை வீட்டு வாசலிலேயே இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, “வாங்க தம்பி, உள்ள வாங்க. காபி போடச் சொல்றேன்” என்றார்.

நேற்று நான் சொன்ன மன்னிப்பு டெய்லரம்மா சொன்னது இல்லை என்று நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தெரியும்.

அவர் கையில் இருந்த வெங்காயம் அப்படியே இருந்தது. “அப்ப நேத்து சொன்னது?”

“அத சொல்ற உரிமை எனக்கு இல்லீங்கய்யா.”

“ஊரே கேட்டுச்சே.”

“ஆமாங்க.”

அவர் மைத்துனர் ஒருவர் பின்னாலிருந்து வந்தார். “நான் அப்பவே சொன்னனா இல்லியா மாமா? இவங்க வாக்கு இம்புட்டுதான்.”

கலைச்செல்விதான் பேசினாள். “அண்ணே, ஒங்க நெலத்த நான் யாருக்காவது எழுதிக் குடுத்தா செல்லுமா?”

“நீ யாரு எழுதிக் குடுக்க?”

“அதான். அந்த மாதிரி இவரு எழுதிக் குடுத்துட்டாரு. செல்லாதுன்னு சொல்ல வந்திருக்காரு. ஒளிஞ்சுக்கிட்டுச் சொல்லல, ஒங்க வூட்டு வாசல்ல வந்து நிக்கிறாரு. திட்டணும்னா திட்டுங்க. வாக்கு மாறுனது இந்த ஒரு ஆளு. அந்தம்மா வாக்கே குடுக்கல.”

மைத்துனர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்போது செந்தில் உள்ளேயிருந்து வந்தான். ஒல்லியாக, தூங்காத கண்களோடு. “நான் இப்ப என்ன பண்ணணும்?” என்று கேட்டான்.

என் வாயில் பதில் தயாராக இருந்தது. நான் எப்போதும் தயார். இரண்டு ஹதீஸ், ஒரு யோசனை. விழுங்கிக்கொண்டேன். “எனக்குத் தெரியல தம்பி. அவங்களத்தான் கேக்கணும்.”

அன்று மதியம் வெள்ளிக்கிழமைத் தொழுகையான ஜும்ஆவில், பிரசங்கம் செய்யும் மிம்பரில் ஏறினேன். நேற்றுச் சொன்னது என் வாக்கு, டெய்லரம்மாவின் வாக்கு இல்லை, மன்னிப்பு அவர் கையில் இருக்கும் பொருள், அதை எடுத்து வழங்கியது என் தவறு என்று சொன்னேன். இளைஞர்களைப் பார்த்து இதையும் சொன்னேன்: “கை ஓங்காம இருக்கறது வேற, மன்னிக்கிறது வேற. ஓங்காம இருக்கறது நம்ம எல்லார் மேலயும் கடமை, அது நேத்தும் கடமை, இன்னைக்கும் கடமை. மன்னிக்கிறது அவங்க இஷ்டம். அவங்க மன்னிக்கலங்கறத சாக்கா வெச்சு யாராவது கை ஓங்குனா, அது அவங்க இஷ்டத்த ரெண்டாவது தடவ திருடுறது.”

தொழுகை முடிந்ததும் முத்தவல்லி, “ரெண்டு நாள்ல ரெண்டு பேச்சா ஹஜ்ரத்?” என்றார். வாசலில் இளைஞர்கள் கூட்டமாக நின்றார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அன்று செருப்பைத் தேடியவனே இன்றும் முதலில் செருப்பைப் போட்டான். கலைந்தார்கள்.

சனிக்கிழமை காலை டெய்லரம்மா கடையைத் திறக்கச் சொல்லி, உள்ளே வந்து உட்கார்ந்தார். செந்திலும் அப்பாவும் வந்தார்கள். கடைத்தெருவில் அத்தனை பேரும் வேலை செய்வது போல நின்று பார்த்தார்கள். ஒரு கல் பறந்தால் போதும் என்று தெருவின் இரண்டு முனையையும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“என்னை மன்னிச்சிடுங்கம்மா” என்றான் செந்தில். குரல் வெளியே கேட்கவில்லை.

“அந்த ஆடியோவ முழுசாக் கேட்டியா?”

“இல்லம்மா. பாதிலேயே கெளம்பிட்டேன்.”

“பாதிலயா.” அவர் என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவனிடம் திரும்பினார். மகளைக் கூப்பிட்டு ஒரு மூட்டையை அவிழ்க்கச் சொன்னார். கிழிந்த ஜாக்கெட்டுகள். “இது எதுவும் என் துணி இல்ல. இதுல ஒண்ணு அடுத்த வாரம் கல்யாணம் வெச்சிருக்கற பொண்ணோடது. இதுக்கெல்லாம் நான் மன்னிச்சேன்னு சொன்னா அது செல்லாது. வூடு வூடாப் போ. அவங்கவங்க துணிய அவங்கவங்க கையில குடுத்துக் கேளு. அப்பறம் வா. என் வெரலப் பத்தி அப்பறம் பேசலாம்.”

ராமசாமிதான் மூட்டையைத் தூக்கினார். எல்லாம் அவர்கள் உறவுக்காரர்களின் வீடுகள், பக்கத்துத் தெருக்கள். போனவனை அந்தப் பெண்கள் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. கல்யாணப் பெண்ணின் அம்மா, “டெய்லரம்மா எம் பொண்ணு பாவாடைத் துண்டக்கூட மடிச்சுக் குடுப்பாங்கடா, நீ கால்மிதின்னு நம்புன பாரு” என்றாராம். முதல் நாள் மைத்துனர் கூடப் போனார். இரண்டாம் நாள் தலையைக் குனிந்துகொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

செந்தில் எல்லா வீட்டுக்கும் போய் வந்த பிறகு, திங்கட்கிழமை டெய்லரம்மா தானே கலைச்செல்வியை அழைத்து, ஸ்டேஷனுக்குப் போகணும் என்றார். நானும் பின்னால் போனேன். வாசலில் என்னைப் பார்த்து, “நீ வெளியில நில்லு தம்பி” என்றார். நின்றேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கட்டுப்போட்ட விரலை நீட்டிப் பிடித்தபடி, இடது கையால் மெல்ல மெல்லச் சமாதானக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார் என்று கலைச்செல்வி சொன்னாள். கைநாட்டுக்கு மை எடுத்து வைத்த போலீஸ்காரரிடம், எனக்கு எழுதத் தெரியும் சார் என்றாராம்.

வெளியே வந்தார். நான் அப்போதுதான் கேட்டேன். எல்லாருக்கும் கேட்கும்படி இல்லை, அவருக்கு மட்டும். “என்னை மன்னிச்சிடுங்கம்மா.”

“பாக்கலாம் தம்பி” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

மூன்று வருடம் ஆகிறது. விரல் கூடிவிட்டது, முழுசாக மடங்காது. என் அம்மா ஜாக்கெட் அவரிடம்தான் தைக்கக் கொடுக்கிறார். போனால் டீ கொடுக்கிறார், ஊர்க்கதை பேசுகிறார், என் கல்யாணம் எப்போது என்று கேலி செய்கிறார். நான் கேட்டதற்கு மட்டும் இன்றுவரை பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொள்கிறேன். எப்போது சொல்வது என்பதும் அவருடையதுதான்.